இருபத்திரண்டு கிராம்

அந்தக் கண்ணாடியில தலையைச் சாய்ச்சுக்காதீங்க. வண்டி நின்னுட்டு உறுமுறப்போ கடகடன்னு அடிக்கும், மண்டைக்குள்ளயே இறங்கும். இந்தப் பக்கம் தள்ளிக்குங்க, எனக்கு இடம் போதும். பாத்தீங்களா, டிரைவர் மிதிச்சதும் கண்ணாடி அடங்கிப்போச்சு. இஞ்சின் மெதுவா ஓடுறப்போ ஆடுது, வேகமா ஓடுறப்போ சும்மா இருக்குது. ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆடுறதுக்குன்னு ஒரு வேகம் இருக்குதுங்க. அந்த வேகத்துல தட்டினா, தட்டினதைவிடப் பல மடங்கு ஆடும். அதைத் தாண்டிட்டா அடங்கிரும். இதுதானுங்க என்ற தொழிலு. இருபத்தாறு வருசமா இதேதான்.

பேரு தண்டபாணிங்க. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. கையில புடிச்சு ஓட்டுற மிஷினுங்க இருக்குதில்லைங்களா, புல்லு வெட்டுறது, கல்லுல ஓட்டை போடுறது, அதுகளோட ஆட்டம் மனுசன் கைக்கு வராம நடுவுல ஒரு சின்னப் பொருளை வெச்சுத் தடுக்கறது. நாங்க அதைத் தடுப்பான்னு சொல்லுவோம். அதை வரையறதுக்கு நான்தான் தலைமை. தலைமைன்னா பெருசா நெனைச்சுக்காதீங்க, எனக்குக் கீழ மூணு பேரு.

குன்னூர்ல லேபர் ஆபீஸ் போய்ட்டு வர்றேன். கேட்டதுக்குச் சொன்னா முழுசாத்தான் சொல்லணும். மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள முடிச்சிருவேன்.

மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. தேயிலைக் கொழுந்து வெட்டுற மிஷின் பண்றவங்க. நீங்க பாத்திருப்பீங்க, ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு, செடிக்கு மேலாப்புல சீவிக்கிட்டே போவாங்க. ஒரு பக்கத்துல இஞ்சின் இருக்கும். அந்தப் பக்கம் புடிக்கிற ஆளுக்கு ஒரு மணி நேரத்துல கை மரத்துப்போயிரும். ரப்பர் வெச்சுப் பாத்திருக்காங்க. ரப்பர் வெச்சா அதிர்வு குறையுது, ஆனா கைப்பிடி தொளதொளன்னு ஆயிருது. கத்தி அரை அங்குலம் கீழ இறங்கினாப் போதும், முத்தின இலையும் குச்சியுமா வெட்டிரும், ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க.

அதனால அவங்க கேட்டது என்னன்னா, கைப்பிடி இரும்பு மாதிரி இறுக்கமா இருக்கணும், அதிர்வு வரக்கூடாது, ஒரு தடுப்பான் நூத்தம்பது கிராமுக்கு மேல போகக்கூடாது, கரண்டு பேட்டரி எதுவும் ஆகாது. இறுக்கமா இருந்தா அதிர்வு அப்பிடியே கடந்து போயிரும், இளக்கமா இருந்தாத்தான் நிக்கும். ரெண்டையும் ஒண்ணா வேணும்னு கேக்கறாங்க. கேட்டவங்க யாரும் சிரிக்கல. நானும் சிரிக்கல. அந்த மாதிரி கேக்கறதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

அஞ்சு மாசம் ஆச்சுங்க. மெல்லிசான ஸ்பிரிங் தகடு, வில்லு மாதிரி வளைச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல ரப்பர் ஊத்தினது. நூத்தி முப்பத்தெட்டு கிராம். கையில புடிச்சு அமுக்கினீங்கன்னா அசையாது. மிஷினை முழு வேகத்துல விட்டா, நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்து, அதிர்வுல பாதிகூடக் கைக்கு வராது. பெஞ்சுல வெச்சு அளந்தோம். நிஜம். அதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லைங்க.

ஆனா இந்தக் கண்ணாடி மாதிரித்தான். அதுக்கும் ஒரு வேகம் இருந்துச்சு. மூவாயிரத்து ஐந்நூறு சுத்துல அதிர்வு குறையறதுக்குப் பதிலா மூணு மடங்கா ஏறிச்சு. இறுக்கமா வேணும்னு கேட்டதால வந்த வினை. இளக்கமா இருந்திருந்தா அந்த ஆட்டம் இஞ்சின் ஓடுற வேகத்துக்கெல்லாம் கீழ போயிருக்கும். இறுக்கினதும் நடுவுல வந்து உக்காந்துக்கிச்சு. முழு வேகத்துல ஓட்டுறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

அதுக்கு வழி இல்லாம இல்லைங்க. வழி என்ற நோட்டுலயே இருந்துச்சு. தகட்டுல ஒரு சின்ன நெம்புகோல் வெச்சு, அது முனையில ஒரு குண்டு. மிஷின் இந்தப் பக்கம் உதறினா குண்டு அந்தப் பக்கம் உதறும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், கைப்பிடி சும்மா நிக்கும். இறுக்கம் அப்பிடியே இருக்கும். படம் போட்டு, கணக்கும் போட்டுட்டேன். நூத்தி எழுபத்திரண்டு கிராம் வந்துச்சு. அவங்க சொன்னதைவிட இருபத்திரண்டு கிராம் கூட. ஓட்டிப் பாக்க இன்னும் நாலு மாசம் வேணும். கொழுந்து சீசனுக்குள்ள மிஷின் மலைக்குப் போகணும்னு தேதி குறிச்சிருந்தாங்க.

முதலாளிகிட்ட கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரோ என்னமோ. நான் கேக்கவே இல்லைங்க. நூத்தம்பதுக்குள்ள முடிச்சுட்டேன்னு எல்லாரும் கையைப் புடிச்சுக் குலுக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல போய் இருபத்திரண்டு கிராம் கூடுதல்னு சொல்ல வாய் வரல. இருபத்திரண்டு கிராம் எவ்வளவுன்னு நெனைக்கறீங்க. நாலு பாக்கு இருக்குமா.

ஓட்டிப் பாக்கறதுக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். பேரு வேண்டாமுங்க. இஞ்சின் பக்கம் புடிக்கறதுக்குன்னு தவமணின்னு ஒரு அம்மாவைக் குடுத்தாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டாங்க, ஆனா செடிக்கு மேல மிஷினைக் கொண்டு போறதைப் பாத்தா தண்ணி மேல தட்டு மெதக்கற மாதிரி இருக்கும். ரெண்டாம் நாள் சாயங்காலம், ஃபாரத்துல ஒரு கட்டம் நிரப்பணுமேன்னு, எப்பிடிம்மா இருக்குதுன்னு கேட்டேன்.

"முழுசா முறுக்கினா கைக்கு ஒண்ணும் தெரியல சார். ஆனா நாங்க முழுசா முறுக்கறதில்ல. அப்பிடி ஓட்டினா அவங்க குடுக்கற பெட்ரோலு மத்தியானத்தோட தீந்துரும். பாதியில வெச்சுத்தான் ஓட்டுவோம். பாதியில பழசைவிட இது மோசமா இருக்கு சார். எலும்பு வரைக்கும் போகுது."

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னங்க. அந்தம்மா அப்பிடிச் சொன்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு. மூணு நாள் கருவி வெச்சு அளந்து நான் கண்டுபுடிச்சதை அவங்க வெறும் கையில ரெண்டு நாள்ல கண்டுபுடிச்சுட்டாங்களே, கணக்கு இத்தனை சரியா வந்திருக்குதேன்னு. அதுதான் மொதல்ல தோணுச்சு. கை வலிக்குமேன்னு அப்பறந்தான் தோணுச்சு.

நீங்க முழு வேகத்துலயே ஓட்டுங்கம்மா, பெட்ரோல் விசயம் நான் பேசறேன்னு சொன்னேன். பேசவும் பேசினேனுங்க. ஃபீல்டு ஆபீசர்கிட்ட, டீ குடிக்கறப்போ. அவரு சிரிச்சுட்டு, இவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது சார்னாரு. நானும் சிரிச்சேன். அதோட சரி. ஃபாரத்துல அந்தக் கட்டத்துல "திருப்தி"ன்னு எழுதினேன். முழு வேகத்துல திருப்திதானுங்களே.

ரிப்போர்ட் எழுதறப்போ, எந்த வேகத்துல எவ்வளவு அதிர்வுன்னு காட்டற கோட்டை நாலாயிரத்து எண்ணூறு சுத்துல இருந்து ஆரம்பிச்சேன். அதுக்குக் கீழ காட்டல. வேலை செய்யுற வேகம் அதுதான்னு எழுதினேன். கோடு எங்க ஆரம்பிக்கணும்னு வரையறவன்தான முடிவு பண்ணணும், அது பொய்யாகுமாங்க? மிஷினை முழு வேகத்தில் மட்டும் இயக்கவும்னு மிஷினோட குடுக்கற புத்தகத்துல சேர்க்கச் சொன்னதும் நான்தான். சேர்த்தாங்க. பதினோராம் பக்கத்துல, இங்கிலீஷ்ல.

நாப்பத்திரண்டு மிஷின் மலைக்குப் போச்சு.

ஒண்ணேகால் வருசம் கழிச்சு எஸ்டேட்ல இருந்து கூப்பிட்டாங்க. விசாரணைன்னாங்க. தவமணிக்கு விரல் நுனியெல்லாம் காலையில குளிருக்கு வெள்ளை வெள்ளையாப் போயிருது. மொதல்ல மரத்துப்போச்சு, அப்பறம் உணர்ச்சியே இல்லாமப் போச்சு. ஒரு நாள் சோறு வடிக்கறப்போ துணி இல்லாமப் பானையைப் புடிச்சிருக்காங்க. சூடு தெரியல. பக்கத்துல இருந்த அவங்க பொண்ணுதான் தோல் கருகற வாசத்துல திரும்பிப் பாத்துக் கையைப் புடிச்சு இழுத்திருக்குது. ஆஸ்பத்திரியில டாக்டர் காயத்தைப் பாத்துட்டு, என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டு, இது மிஷின் அதிர்வால வந்ததுன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு நீள மேசை. மேனேஜர், ஃபீல்டு ஆபீசர், மிஷின் கம்பெனியில ரெண்டு பேரு, நானு. எதிர்ல தவமணியும் தொழிலாளர் சங்கத்துல இருந்து ஒரு அம்மாவும். தவமணி கையில கட்டு. என்ற ரிப்போர்ட்டை எல்லாருக்கும் நகல் எடுத்து வெச்சிருந்தாங்க. நான் படிச்சு விளக்கினேன். அதிர்வு பாதிக்கும் கீழ, அனுமதிச்ச அளவுக்குள்ள. எல்லாம் நிஜம். மேனேஜர் தலையாட்டினாரு. அப்போ தவமணி என்னைப் பாத்து, கோவமா இல்ல, ஞாபகப்படுத்தற மாதிரி ஒண்ணு கேட்டாங்க.

"சார், நான் அன்னைக்கே சொன்னேன்ல? பாதியில ஓட்டினா மோசமா இருக்குன்னு?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒரு வார்த்தைதான் சொல்லணும். ஆமான்னு.

"ஞாபகம் இல்லையேம்மா," அப்பிடின்னேன்.

அதுதானுங்க நான் சொன்ன பொய். ரிப்போர்ட்ல இல்ல, அங்கதான். அந்தம்மா சண்டை போட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன். சங்கத்தம்மா எந்திரிக்கப் பாத்தாங்க, தவமணி அவங்க முந்தானையைப் புடிச்சு உக்கார வெச்சுட்டு, "சாருக்கு எத்தனை பேரு என்னென்ன சொல்லியிருப்பாங்க. எங்க ஞாபகம் இருக்கப்போவுது"ன்னாங்க. எனக்காகச் சொன்னாங்க. என்னைக் காப்பாத்தறதுக்கு.

வயசும் குளிரும் காரணம், மிஷினுக்குச் சம்பந்தமில்லைன்னு எழுதினாங்க. கை சரியாகற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னாங்க. அப்பறம் மேனேஜர் பங்களாவுல சாப்பாடு. அவரைக்காய்ப் பொரியல், கோழிக் குழம்பு. சாப்பிட்டேனுங்க. ரெண்டாம் வாட்டி சோறு கூட வாங்கினேன்.

ஊருக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். அந்த நெம்புகோல், குண்டு. நாலு மாசத்துல முடிச்சேன், வேற யாரும் கேக்காமலே. எடையையும் கொஞ்சம் செதுக்கி நூத்தி அறுபத்தாறுக்குக் கொண்டு வந்தேன். மிஷின் கம்பெனிக்காரங்க எடையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க. நூத்தி அறுபத்தாறா, சரி சார்னு வாங்கிட்டுப் போய்ட்டாங்க. இனிமேல் வர்ற மிஷினுக்கெல்லாம் அதுதான். இஞ்சினியருங்க சங்கம் ஒண்ணுல கூப்பிட்டுச் சால்வை போட்டுக் கேடயம் குடுத்தாங்க. இறுக்கம், எடைக் குறைவு, அதிர்வுத் தடுப்பு மூணையும் சேர்த்த மனுசன்னு பேசினாங்க.

பழைய நாப்பத்திரண்டையும் மாத்திரலாம்னு முதலாளிகிட்டச் சொன்னேன். பழசுல குறை இருக்குதாய்யான்னு கேட்டாரு. குறை இல்லைங்க, இது இன்னும் நல்லதுங்கன்னேன். குறை இல்லைன்னா எதுக்கு மாத்தணும்னாரு. அவரு கேட்டது நியாயந்தானுங்க. குறைன்னு நான் சொல்லவே இல்லையே.

சூடான டம்ளரை விரல் நுனியால தொட்டுத் தொட்டுப் பாக்கற பழக்கம் வந்துருச்சு. சூடு தெரியுதான்னு. என்ற சம்சாரம் ஒரு நாள் பாத்துட்டு, காப்பி ஆறிப்போச்சா, சுட வெச்சுத் தரட்டுமான்னு கேட்டா. வேண்டாம், சூடு இருக்குதுன்னேன். அவகிட்டயும் சொல்லல.

ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை தவமணி வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் லைன் வீடு, வாசல்ல கோஸ் போட்டிருந்தாங்க. ஆப்பிள் கொஞ்சம் வாங்கிட்டுப் போயிருந்தேன். புதுத் தடுப்பானையும் ஒரு பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு இப்போ கேட்டா சொல்லத் தெரியல. அது எப்பிடி வேலை செய்யுதுன்னு அவங்களுக்குச் சொன்னேன். குண்டு எந்தப் பக்கம் போகுது, தகடு எந்தப் பக்கம் போகுது, எல்லாம். அவங்க அதை மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. இப்போ பாதியில ஓட்டினாலும் கைக்குத் தெரியாதும்மான்னேன். அவங்க கையைப் பாத்தாங்க. எனக்கு எப்பிடியும் தெரியாது சார்னாங்க. குத்திக்காட்டல, சும்மா சொன்னாங்க. டாக்டர் சொல்லிட்டாராம், போன உணர்ச்சி திரும்பி வராதுன்னு.

அப்போதான் சொன்னேனுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சும்மா, விசாரணையில பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு. அழுகைகூட வந்துருச்சு. சொன்னதும் நெஞ்சுல இருந்து ஏதோ எறங்கின மாதிரி இருந்துச்சு.

தவமணி தடுப்பானைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடினாங்க. விரலால மூட முடியல, உள்ளங்கையால அமுக்கினாங்க.

"என்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப்போவுது. நான் சொன்னது எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு மேசையைச் சுத்தி உக்காந்திருந்தாங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க."

சரிம்மான்னேன். அவங்க மன்னிச்சேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. டீ குடுத்தாங்க. அவங்க பொண்ணுதான் ஆத்திக் கொண்டு வந்துச்சு.

சரின்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் சும்மா இருந்தேனுங்க. வேலை இருந்துச்சு, இல்லாம இல்ல. அப்பறம் சங்கத்தம்மா லேபர் ஆபீஸ்ல மனுக் குடுத்து, எனக்கும் நோட்டீஸ் வந்துச்சு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு. முதலாளி கூப்பிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் படிச்சுட்டு வந்துருய்யான்னாரு. சரிங்கன்னேன். நான் எல்லாருக்கும் சரின்னுதான் சொல்லிட்டிருந்தேன்.

ஆபீசர் ஒரு அம்மாங்க, கண்ணாடி போட்டு, பொறுமையானவங்க. எஸ்டேட்காரங்க, மிஷின் கம்பெனிக்காரங்க, அதே ஆளுங்க எல்லாரும் இருந்தாங்க. நான் ஃபைலைத் திறந்து கோட்டை அடியில இருந்து, இஞ்சின் சும்மா நிக்கற வேகத்துல இருந்து, முழுசாக் காட்டினேன். இறுக்கம்னா என்ன, இளக்கம்னா என்ன, அதிர்வு ஏறற அந்த மேடு எங்க வருது, எதனால வருது, இருபத்திரண்டு கிராம் ஏன் வந்துச்சு. இருபது நிமிசம் பேசியிருப்பேன். மிஷின் கம்பெனிக்காரரு நடுவுல எந்திரிச்சு வெளிய போயிப் போன் பண்ணினாரு. கடைசியில ஆபீசரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, கோடு இருக்கட்டும் சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், இந்தம்மா உங்ககிட்டச் சொன்னாங்களா இல்லையான்னு கேட்டாங்க.

சொன்னாங்கன்னேன்.

அப்போ எஸ்டேட் விசாரணையில ஞாபகம் இல்லைன்னு ஏன் சொன்னீங்கன்னு கேட்டாங்க.

எனக்குத் திரும்பவும் கோட்டைப் பத்திப் பேசணும்போல இருந்துச்சுங்க. வாயில வந்துருச்சு. முழு வேகத்துல அது நல்ல தடுப்பான்தான்னு. அதை முழுங்கிட்டு, "ஞாபகம் இருந்துச்சு. பொய் சொன்னேன்"ன்னேன். அவங்க அப்பிடியே எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னதை ஒருத்தரு பேனாவுல எழுதறதைப் பாக்கறது என்னமோ மாதிரி இருந்துச்சு.

நாப்பத்திரண்டு மிஷினும் எங்கெங்க இருக்குதுன்னு பட்டியல் குடுத்தேன். புதுத் தடுப்பான் மாத்தற வரைக்கும் ஒண்ணும் ஓடக்கூடாதுன்னு அங்கயே சொல்லிட்டாங்க. வேற எஸ்டேட்ல ஒம்பது பேருக்கு விரல் வெளுக்குதாமுங்க, சங்கத்தம்மா பேரோட வெச்சிருந்தாங்க. ஒம்பது பேரு. எனக்கு அது இன்னைக்குத்தான் தெரியும். தவமணியை விரல்ல உணர்ச்சி தேவைப்படாத வேலையில திரும்ப எடுத்துக்கணும்னு எஸ்டேட்டுக்கு எழுதறாங்க. முதலாளி காலையில இருந்து எத்தனை வாட்டி கூப்பிட்டாருன்னு பாக்கல. போனை அணைச்சு வெச்சிருக்கேன். நாளைக்குப் போனா என்ற மேசை இருக்குதோ இல்லையோ.

இத்தனையும் நடக்கறப்போ தவமணி ஒரு வாட்டிகூட என்னைப் பாக்கலைங்க. ஒரு பார்வை பாப்பாங்கன்னு நெனைச்சேன். பெருசா ஒண்ணும் எதிர்பாக்கல. சும்மா ஒரு பார்வை. ரெண்டு மாசம் கழிச்சுன்னாலும் வந்து சொன்னேனில்லைங்களா.

முடிஞ்சதும் வாக்குமூலத்துல எல்லாரும் கையெழுத்துப் போடணும்னாங்க, எல்லாரும் எந்திரிச்சு மேசைகிட்ட வந்து நின்னோம். நான் போட்டேன். தவமணி முறை வந்தப்போ பேனா விரல்ல நிக்கல. ரெண்டு வாட்டி நழுவிக் கீழ விழுந்துச்சு. புடிச்சிருக்கறோமா இல்லையான்னே அவங்களுக்குத் தெரியலைங்க, கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கறாங்க. ஆபீஸ்ல ஒருத்தரு மை டப்பாவை எடுத்துத் தள்ளினாரு, பெருவிரல் வெச்சாப் போதும்மான்னு. அவங்க டப்பாவைத் திருப்பித் தள்ளிட்டாங்க. பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில செருகி, கையை மடக்கி, உள்ளங்கையோட சேத்து வெச்சுக்கிட்டு எழுத ஆரம்பிச்சாங்க. தாள் கையோட சேர்ந்து நகந்துச்சு. எனக்குப் பொறுக்கல. பக்கத்துல போய்த் தாளோட ஓரத்தை அமுக்கிப் புடிச்சேன், ஆடாம இருக்கட்டும்னு.

அப்போதான் நிமிந்து என்னைப் பாத்தாங்க.

"விடுங்க சார். நான் புடிச்சுக்கறேன்."

கையை எடுத்துட்டேனுங்க. அவங்க முழங்கையைத் தாள் மேல ஊனி, கடைசி எழுத்து வரைக்கும் எழுதினாங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரும் உக்காரல.